முட்டிக்கு அடியில் தலையணை

என் கணவர் நல்லவர். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். கிளட்சை மிதிக்கிற இடது முட்டியில் வலி வந்து வீட்டில் உட்கார்ந்ததும், இவர் என்னைத் தரையில் கால் வைக்க விடவில்லை. டீ கட்டிலுக்கே வந்தது. பிசியோதெரபிஸ்ட் பெண் துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி அழுத்தச் சொல்லியிருந்தாள். இவர் துண்டுக்குப் பதில் தலையணையை வைத்தார், இரவும் பகலும். நான் அழுத்தப் போனால், வலிக்கும், போதும் விடு என்பார்.

நேற்று அந்தப் பெண் டேப்பால் இரண்டு தொடைகளையும் அளந்தாள். இடது தொடை இளைத்திருந்தது. காலை நீட்டச் சொன்னாள். முட்டி முழுசாக நீளவில்லை. தலையணைக் கதையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். மடக்கியே வைத்தால் முட்டி அப்படியே இறுகிவிடுமாம், வேலை கொடுக்காத தசை கரைந்துவிடுமாம். இப்படியே போனால் கிளட்சை மறந்துவிட வேண்டியதுதான் என்றாள்.

கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தால், போனில் வேன் முதலாளி. வேலையை விடுகிறாய் என்று வீட்டுக்காரர் சொன்னாரே, வேறு ஆள் போடட்டுமா என்று கேட்டார். நானேதான் ஓட்டுவேன், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

"யாரைக் கேட்டு அப்படிச் சொன்னீங்க?"

"உன் நல்லதுக்குத்தான். நீ வீட்ல இருந்தா எனக்கு நிம்மதி."

நிம்மதியாம். காலுக்கு முட்டுக் கொடுக்கிறேன் என்று என் பிழைப்புக்கே முட்டுக்கட்டை போட்டிருக்கிறார் மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலையணையைத் தூக்கி மூலையில் எறிந்தேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, என் இடது பாதத்துக்கு எதிரே அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் வைக்கச் சொன்னேன். இதுதான் கிளட்ச் என்றேன்.

மிதித்தேன். தொடை வெடவெடத்தது, உயிர் போய் உயிர் வந்தது. அவர் கைகள் மெல்லப் பின்னால் போயின.

"பாத்தியா, தள்ளிட்டியே" என்றார்.

நான் தள்ளவில்லை. அவராகத்தான் கையை இழுத்துக்கொண்டார்.

"இப்படி விட்டுக் கொடுத்து விட்டுக் கொடுத்துத்தான் என் காலை ஒண்ணுமில்லாம ஆக்கினீங்க. எம்மேல பாசம் இருந்தா எதிர்த்துப் பிடிங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. கண் கலங்க மறுபடி கைகளை வைத்தார். மிதித்தேன். இந்த முறை அவர் கைகள் இம்மியும் நகரவில்லை. எனக்கு வலியில் கண்ணீர் வந்தது. அவர் கையை எடுக்கவில்லை.