யார் ஆன்மாவுக்காக இந்தத் தண்ணீர்

பரக்காத் காவல் காக்கும் சபீலில் திருட ஒன்றுமில்லை. எப்போதோ ஓர் அமீர் வழிப்போக்கர்களின் தாகம் தீர்க்கவென்று கெய்ரோவின் அந்தக் குறுகிய தெருமுனையில் கட்டிவைத்த தண்ணீர் மாளிகை அது. அடியில் ஓர் ஒட்டகக் கூட்டமே இறங்கி நிற்கும்படியான தொட்டி. மாடியில் அநாதைப் பிள்ளைகள் ஓதுவதற்கு மரத்தூண் வைத்த பள்ளிக்கூடம். நடுக்கூடத்தில், தண்ணீர் வழிந்து குளிர்வதற்காக அலையலையாகச் செதுக்கிய சலவைக்கல் பலகை. தெருப்பக்கம் வெண்கலக் கம்பிவலைச் சன்னல்கள், அவற்றுக்கு மேலே, குடிப்பவர் மறக்காமல் இறைவனிடம் அவருக்காகத் துஆ கேட்கும்படி, அமீரின் பெயர் ஓரடி உயர எழுத்தில். எல்லாம் இருந்தது. தண்ணீர்தான் இல்லை.

"காஞ்ச தொட்டிய யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு கவர்மெண்டு என்னை வச்சிருக்கு" என்று பரக்காத் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். மகன் நாதிர் போனதிலிருந்து அந்தச் சிரிப்பில் சத்தம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

போன குளிர்காலத்தில் லிபியக் கரையிலிருந்து இத்தாலிக்குப் படகேறினான் நாதிர். படகு கரை சேரவில்லை. சேதி வரவில்லை. உடலும் வரவில்லை. அவன் தாய் இன்ஷிராஹ் தினமும் அவன் எண்ணுக்குப் போன் போடுவாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் சொல்லும். "நீயாவது அவனை எழுப்பிவிடேன்டி" என்று அந்தக் குரலைத் திட்டிவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

புழுதிக்காற்று வீசும் கோடை வந்ததும் தகரப் பட்டறை சுப்ஹி ஒரு காரியம் செய்தான். எவர்சில்வர் தகட்டில் தண்ணீர் குளிரூட்டும் பெட்டி ஒன்று செய்து, தள்ளுவண்டியில் கொண்டுவந்து சபீல் சன்னலுக்குக் கீழே நிறுத்தினான். இனிப்புக் கடையிலிருந்து கரண்டு இழுத்தாயிற்று. பெட்டியின் நெற்றியில் பச்சைப் பெயிண்டில் எழுதினான்: 'மர்ஹூம் நாதிர் பரக்காத்தின் ஆன்மாவுக்காக. குடிப்பவர் ஒரு ஃபாத்திஹா ஓதவும்.' செத்தவர் பெயருக்கு முன்னால்தான் மர்ஹூம் போடுவார்கள்; குர்ஆனின் அந்த முதல் அத்தியாயத்தை ஓதி, நன்மையை அவருக்கு அனுப்புவார்கள்.

"சொல்லாம செஞ்சுட்டேன், கோவிச்சுக்காத அபூ நாதிர். எத்தனை நாளைக்கு அந்தப் பையனை ஒரு துஆகூட இல்லாம விட்டு வைக்கிறது?" என்று, தெரு வழக்கப்படி அவனை நாதிரின் தகப்பன் என்றே அழைத்துச் சொன்னான்.

பரக்காத் வாயைத் திறப்பதற்குள் காய்கறிப் பையோடு இன்ஷிராஹ் வந்துவிட்டாள். படித்தாள். பையைக் கீழே வைத்தாள். முக்காட்டு நுனியால், ஈரம் காயாத பெயிண்டை அழுத்தித் துடைத்தாள்.

"என் புள்ள எங்கயோ ஜெயில்ல கெடக்குறான். உசுரோட இருக்கிறவன் ரூஹுக்கு யாராச்சும் ஃபாத்திஹா ஓதுவாங்களா? தெருவே தண்ணி குடிச்சுக் குடிச்சு, கப்பு கப்பா அவன் மேல மண்ணள்ளிப் போடப் போகுதா?"

சுப்ஹி தரையைப் பார்த்தான். பரக்காத் மனைவியின் பச்சையாகிப்போன முக்காட்டைப் பார்த்தான். இரண்டு பேரில் யார் பக்கம் நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் அறிந்த வழக்கப்படி காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

பெட்டி பெயரில்லாமல் நின்றது. அதுவும் தொந்தரவுதான். அந்தத் தெருவில் யாரும் தர்மத் தண்ணீரைச் சும்மா குடித்துவிட்டுப் போக மாட்டார்கள். குடித்ததும் இரண்டு கையையும் விரித்து, யாருக்காக என்று கேட்பார்கள். ஒரு மூட்டைக்காரன் ஓதி முடித்துவிட்டு, "ஓதிட்டேன் மாமா, எங்க அனுப்பட்டும்? விலாசத்தச் சொல்லு" என்று மறித்துக்கொண்டு நின்றான். பரக்காத்தால் மகன் பெயரைச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் பரக்காத் சுப்ஹியிடம் தூரிகையை வாங்கித் தானே எழுதினான்: 'மர்ஹூம் பரக்காத்தின் ஆன்மாவுக்காக.' எழுதிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

தெரு சிரித்தது.

"யா மர்ஹூம், டீ சொல்லட்டா?"

"சொல்லு. மவுத்தானவனுக்குச் சர்க்கரை வியாதி வராது, தூக்கலாவே போடு."

"கபுருக்குள்ள எப்படி, வசதியெல்லாம் பரவாயில்லயா?"

"உன் வீட்டுக்குப் பரவாயில்ல. வாடகையும் கெடையாது."

ஆட்கள் குடித்தார்கள், சிரித்துக்கொண்டே அவன் முகத்துக்கு நேராக ஓதினார்கள். அவனும் ஆமீன் சொன்னான். வெளியே சொல்ல வெட்கமான ஓர் ஆசை அவனுக்கு இருந்தது. மேலே எங்கோ வானவர்களான மலக்குகள் கணக்கைப் புரட்டும்போது, இந்த வீட்டிலிருந்து ஓர் உயிருக்கு இத்தனை ஃபாத்திஹா வந்துவிட்டதே, போதும் என்று குழம்பி, தகப்பனை எடுத்துக்கொண்டு மகனை விட்டுவிட மாட்டார்களா? மலக்குகளை ஏமாற்றப் பார்க்கிறோம் என்று தெரிந்தேதான் ஒவ்வோர் ஆமீனையும் சத்தமாகச் சொன்னான்.

காற்று செம்மண் நிறத்தில் வீசிய ஒரு நடுப்பகலில் இன்ஷிராஹ் வந்தாள். தெருவில் அவ்வளவாக ஆளில்லை. எழுதியிருந்ததைப் படித்தாள். சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. கப்பை நிரப்பி, மூன்று மடக்காக நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். கைகளை விரித்தாள். உதடுகள் அசைந்தன. முடித்து, உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டாள். கைகள் முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கின.

பரக்காத் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். வழக்கம்போல் சிரித்து வைத்தான்.

"எனக்கா ஓதின, உம்மு நாதிர்?"

"நீ உசுரோடதான இருக்க" என்றாள் அவள்.

கப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அவள் தன் நம்பிக்கையில் ஜெயிலில் வைத்திருந்த வரைக்கும்தான் நாதிர் பரக்காத்துக்கும் உயிரோடு இருந்தான். இப்போது அந்த ஜெயிலை அவளே திறந்துவிட்டுப் போய்விட்டாள்.

கழுதை வண்டிக்காரன் ஒருவன் நிறுத்தி இறங்கினான். குடித்தான். பெட்டியையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"உனக்குத்தான, மர்ஹூம்?"

பரக்காத் தலையை ஆட்டி மறுத்தான்.

"நாதிர்னு ஒரு பையன்" என்றான். "நீச்சல் தெரியாது. அவனுக்கு ஓது."