கூட வந்தவன்

ரொட்டி வேன் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் சக்கரத்தடியில் ஒருவன் கிடந்தான். அப்படி யாரும் இல்லை என்பது ஓட்டுநருக்கே தெரியும். ஆனாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பார். பார்த்ததும் நெஞ்சு லேசாகும். அடுத்த தெருவில் ‘சரியாகப் பார்த்தோமா?’ என்று மறுபடி அரிக்கும். கடைகளுக்கு ரொட்டி ஆறிப்போய்ச் சேர்ந்தது. இன்னொரு முறை தாமதமானால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மனநல ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். பயம் ஏறும், விட்டுவிட்டால் தானாகவே இறங்கும். திரும்பிப் போய்ப் பார்த்தால், ‘பார்த்ததால்தான் தப்பித்தோம்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஆகவே பள்ளத்தில் ஓட்ட வேண்டும், திரும்பக் கூடாது. யாரையாவது இடித்தேனா என்று ஓட்டுநர் கேட்டால், வண்டியில் பக்கத்தில் வரும் மனைவி ‘இல்லை’ என்று ஆறுதல் சொல்லக் கூடாது. ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்ல வேண்டும். சக்கரத்தடியில் கிடக்கும் அவனை மனதிலிருந்து விரட்டவும் வேண்டாம், கூட வரட்டும்.

மனைவி அப்படியே சொல்லிப் பார்த்தாள். ஓட்டுநருக்குப் பயம் குறையவில்லை. அவள் வாய் ‘இருக்கலாம்’ என்றது. உதட்டோரம் ‘அட, ஒன்றுமில்லை’ என்றது. அவர் அவள் உதட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தார். இதைக் கண்டுபிடித்த ஆலோசகர் அவள் முகம் தெரியாதபடி வேனின் பின்பக்கம் உட்காரச் சொன்னார்.

மறுநாள் விடியலில் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே, பின்கதவுக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பாலம் தாண்டியதும் வண்டி தூக்கிப் போட்டது.

"யாரையாச்சும் இடிச்சிட்டேனா?" தடுப்புக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

ஈரச் சாலை. ஒரு பள்ளம். வேறெதுவும் இல்லை. அவர் ஏங்கிக் கேட்கும் பதில் முதன்முறையாக அவள் கண்முன்னே கிடந்தது.

"இருக்கலாங்க."

"நீ பின்னாடிதானே பாத்துட்டு இருக்க? சொல்லேன்மா."

"இருக்கலாம்னு சொன்னேனே. ஓட்டுங்க."

வண்டி வேகம் குறைந்தது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். முன்னால் ஒரு விம்மல். பிறகு கியர் மாறும் சத்தம். அந்த இடம் மறையும்வரை அவள் கண்ணெடுக்கவில்லை. மறைந்த பிறகு, சரியாகப் பார்த்தோமா என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது.

கடைக்காரர் தட்டை வாங்கியதும் கையை உதறினார். "என்னண்ணே, இன்னைக்குச் சுடுது!"

அவள் இறங்கிய பின்னும் ஓட்டுநர் பின்கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"இன்னும் யாரு இறங்கணும்?" என்றாள்.

"அவன் இறங்க மாட்டானாம். அடுத்த கடைக்கும் வர்றானாம்" என்று கதவைச் சாத்தினார்.