கழிக்கப்படாத நான்கு பேர்

பன்னிரண்டு பேர் பத்து நாளில் கட்டி முடிக்க வேண்டிய மதிலை நான்காம் நாள் முடிவில் விட்டு விலகிய நான்கு பேரும், கணக்குப் புத்தகத்திலிருந்து நேரே விடத்தல்தீவுக்கு வந்து, ஒரு வியாழக்கிழமை காலை எட்டரைக்கு டிலோஜினி வீட்டு முற்றத்தில் நின்றார்கள். கச்சான் காற்று பலமாக அடித்ததால் அன்று ஒருவரும் கடலுக்குப் போகவில்லை; ஆகவே சாட்சிகளுக்குக் குறைவில்லை.

டிலோஜினி ஊர் நூலகத்தில் பதினொரு வருடமாகத் தற்காலிக உதவியாளர். சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் பாஸானால்தான் நிரந்தர நியமனம்; அதுவும் முப்பத்தைந்து வயதுக்குள். அவளுக்கு முப்பத்திநாலு. ஆறு தரம் எழுதி ஆறு தரமும் தவறியிருந்தாள். கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் விடை தலைக்குள் வந்துவிடும். அதை மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். பாப்பாமோட்டையிலிருந்து வந்து படிப்பிக்கும் பிரசாந்தன் மாஸ்டர், அவளைவிட ஒன்பது வயது இளையவர், தலையில் கைவைப்பார். “அக்கா, மிச்ச வேலைக்கு ஒன்பது நாள் எண்டது சரி. ஆனா ஐஞ்சு புள்ளியில உங்களுக்கு ஒண்டுதான். செய்த வழி எங்க?”

“கண்ணுக்குத் தெரியிறதை ஏன் மாஸ்டர் எழுதுவான்?”

வந்தவர்களில் மூத்தவரான வின்சன்ட் விஷயத்தை மரியாதையாகச் சொன்னார். “தங்கச்சி, பன்னிரண்டில நாலு போனா எட்டு எண்டு நீங்கள் ஒரு வரி எழுதேல்லை. எங்களைக் கழிக்காட்டி நாங்கள் எங்க போறது?”

மற்ற எட்டுப் பேரும் அதற்குள் களப்புக் கரையில் மிச்ச மதிலைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். யாருடைய மதில் என்று விசாரிக்க வந்த கிராம உத்தியோகத்தரிடம், கேள்வியில் அது தரப்படவில்லை என்றார்கள். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். டிலோஜினியின் தாய் மார்த்தா மட்டும் சும்மா இருக்கவில்லை. “எடுத்த வேலையை விட்டிட்டு வந்து பொம்பிளையளிட்டத் தேத்தண்ணி கேக்க வெக்கமில்லையோ?” அந்தச் சொல் வின்சன்டுக்குச் சுட்டுவிட்டது. தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு மேசன் கரண்டியோடு மதிலுக்கே திரும்பிப் போனார். மற்ற மூவரும் பூவரசின் கீழ் காட்ஸ் விளையாடினார்கள்.

ஆறாம் நாள் அரிசி முடிந்தது. டிலோஜினி கொப்பியைத் திறந்து, கண்டதைக் கண்டபடி, 12 – 3 = 9 என்று எழுதினாள். மூவரும் சீட்டைப் போட்டது போட்டபடி மறைந்தார்கள். இனி எந்தக் கணக்கிலிருந்தாவது ஒரு ரயில் முற்றத்துக்குள் வந்துவிடுமோ என்ற பயத்தில், அன்றிலிருந்து எல்லாக் கணக்கையும் வரிவரியாகச் செய்தாள். மதில் எட்டாம் நாள் முடிந்தது.

பரீட்சையில் அதே கணக்கு வந்தது. தலை வழக்கம்போல ஒன்பது நாள் என்றது. அவள் மதிலை நினைத்தாள். ஒருவர் திரும்பிப் போனவர் என்று குறிப்பிட்டு, மூவரைக் கழித்து, மிச்ச எழுபத்திரண்டு ஆள்நாளை ஒன்பதால் வகுத்து, எட்டு நாள் என்று முடித்தாள்.

“ஐயோ அக்கா, ஏழாந்தரமும் போச்சு!”

“என்ர கண்ணால கண்டனான், மாஸ்டர். பொய் எழுதச் சொல்றியளோ?”

அந்தக் கணக்கில் வழிக்கு மூன்று புள்ளி கிடைத்தது, மற்றக் கணக்குகளின் வழிகளுக்கும் கிடைத்தது. ஆறு தரம் சரியான விடையோடு தவறியவள் பிழையான விடையோடு பாஸானாள். பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் முந்தி நியமனக் கடிதம் வந்தது.

மதிலில் இப்போது வலை காயப்போடுகிறார்கள். கட்டிய எட்டுப் பேரும் கணக்கு முடிந்ததும் போய்விட்டார்கள். யாரும் கழிக்காத வின்சன்ட் ஊரிலேயே மேசன் வேலை செய்கிறார். இரவுச் சாப்பாடு மார்த்தா வீட்டில். போன மாதம் வாக்காளர் பதிவுக்கு வந்த அதே உத்தியோகத்தர் அவரிடம் பிறந்த இடம் கேட்டார்.

“நூற்றுப் பதினேழாம் பக்கம்.”

“மேலயோ, கீழயோ?”

“கீழ.”

எழுதிக்கொண்டார்.