பீரோவுக்குள் மூன்றாம் வகுப்பு

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சத்தம் ஒரு திங்கட்கிழமையிலிருந்து டீச்சர் வீட்டு பீரோவுக்குள் கேட்க ஆரம்பித்தது. இன்னொரு தடவை இரைச்சல் வந்தால் அடுத்த வருடம் வேலை கிடையாது என்று தலைமையாசிரியை சொல்லியிருந்ததால், அன்று காலை டீச்சர், "எல்லாரும் வாய்மேல விரல்" என்றாள். வைத்தார்கள். எழுதுவதற்காக விரலை எடுத்த பிறகும் சத்தம் திரும்பவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, "என்னங்க, பசங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மாலை புடவை மாற்ற பீரோவைத் திறந்தால் உள்ளே அத்தனை பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் கணவனின் செல்போனைச் சந்தேகித்தாள். அப்புறம் மாடிவீட்டு டிவியை. கணவன் காதைக் கொடுத்துக் கேட்டான். "உன் பசங்கதான். துணியக் கலைச்சிடப் போறாங்க, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனான்.

அன்றிலிருந்து, பள்ளி விட்டு வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் பீரோக் கதவில் காதை வைத்துக்கொண்டாள். இந்தப் பிள்ளைகளுக்குத் தன்னைப் பிடிக்குமா என்பதை யாரிடமும் கேட்க அவளுக்கு வெட்கம். ஒரே ஒரு நல்ல வார்த்தை போதும். புதன்கிழமை கிடைத்தது இது: "டேய், கொசுவத்தி வருதுடா, எல்லாம் பொத்துனு விழுங்க!" முன்பல் விழுந்த பெண்ணின் குரல், பாதி காற்று. கூடவே வகுப்பு மொத்தத்தின் சிரிப்பு.

மறுநாள் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தினாள். "யாருடி கொசுவத்தி?" மூன்று நாளாக வாயே திறக்காத பெண் முகம் வெளுத்து, நீதான் சொன்னாயா என்பதுபோல் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். அவள் பின்பெஞ்சைப் பார்த்தாள். மதியத்துக்குள் ஒவ்வொரு இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு புத்தகப்பை முளைத்திருந்தது. எதையோ மறைக்கிறார்கள் என்றே டீச்சர் நினைத்தாள்.

பீரோவிலும் குரல்கள் மெலிந்தன. சில நாள் வாய்ப்பாடு மட்டும் கேட்டது. பிறகு ஒரு மாலை, வெளியாள் வகுப்புக்குள் வந்தால் எழுந்து வணக்கம் சொல்லும் அதே ராகத்தில், "எங்க டீச்சர் ரொம்ப நல்லவங்க" என்றார்கள், எல்லோரும் சேர்ந்து. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"போயிட்டாங்களா?" என்றது உள்ளே ஒரு குரல்.

"ஷ்ஷ்... காது இன்னும் கதவுலதான் இருக்கு."

டீச்சருக்குக் காது சுட்டது. மெதுவாக எடுத்துக்கொண்டு, "போயிட்டேன்" என்றாள்.

புடவைகளையெல்லாம் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிக்கு மாற்றினாள். "இது எதுக்கு?" என்றான் கணவன். "நடுவுல துணி இருக்கு. நெருக்கி உக்காந்தாத்தானே பேசுவாங்க." அந்தப் பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போனார்கள், அடுத்து வந்தவர்களின் சத்தமும் அங்கேயே வந்து சேர்ந்தது. பீரோ இருந்த அறையில் யாரும் அதிகம் நிற்பதில்லை. விருந்தாளிகள் கேட்டால், பசங்க பேசிக்கிறாங்க என்று சொல்லி டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வருவாள்.