அப்படி யாரும் இங்கே இல்லை

பள்ளிக்கூட வேனிலிருந்து மகளை இறக்கிக் கூட்டிக்கொண்டு ஈவ்லின் மாடிப்படி ஏறியபோது, அவள் பூட்டிவிட்டுப் போன பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய பித்தளைப் பூட்டு. வாசலில் கிடந்த செருப்புகளைக் காணோம். காலையில் கொடியில் உலர்த்திய துணிகளைக் காணோம். கிறிஸ்துமஸ் முடிந்து இத்தனை மாதமாகியும் இறக்க மனம் வராமல் தொங்கவிட்டிருந்த காகித நட்சத்திரத்தையும் காணோம்.

"மம்மி, வேற வூட்டுக்கு வந்துட்டோமா?" என்று கேட்டாள் ஏஞ்சல்.

கீழ் வீட்டுக் கங்கம்மா முந்தானையில் முடிந்த சாவியை அவிழ்த்துக்கொண்டே ஏறி வந்தாள். முகத்தில் போருக்குப் போய் ஜெயித்து வந்த களை.

"பயப்படாத ஈவா. உன்னியத் தேடிகினு போலீஸ் வந்துச்சு. நாங்கோ பாத்துகினோம்."

"இன்னாக்கா சொன்னீங்க?"

"இன்னா சொல்லுவோம்? அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்ட்டோம்."

ஈவ்லின் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஈவ்லினுக்குச் சொந்த ஊர் பிலிப்பைன்ஸ். சிங்கப்பூரில் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தபோது, அங்கே கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்த முடிச்சூர் பிரிட்டோவைப் பார்த்தாள், பழகினாள், தாம்பரத்துச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டாள். பிரிட்டோவுக்கு இப்போது சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். அதனால் அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது புருஷன் இல்லை, கங்கம்மா. அவள் பேசுவதைக் கப்பலிலிருந்து போனில் கேட்டால் பிரிட்டோ விழுந்து விழுந்து சிரிப்பான். இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டைக்கு மனுப் போட்டுவிடலாம் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் சொல்வான். ஒவ்வொரு முறையும் அதற்குள் கப்பல் கூப்பிட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு வருஷமும் அவள் விசாவை நீட்டித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இந்த வருஷமும் மனுப் போட்டாயிற்று. இருக்கிற விசா மாதக் கடைசி வரைக்கும்தான். அவள் சொன்ன விலாசத்தில்தான் இருக்கிறாளா என்று உள்ளூர் போலீஸ் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. போன முறை பிரிட்டோ ஊரில் இருந்தான். அவனே முன்னால் நின்று எல்லாம் முடித்ததில் தெருவுக்கு விஷயம் தெரியாமலே போயிற்று. இந்த முறை போலீஸ் வரும் என்று தெருவில் சொல்லி வைக்க வேண்டும் என்று ஈவ்லினுக்குத் தோன்றவில்லை. அவளைத் தெரியாதவர் அந்தத் தெருவில் யார்?

அவளுக்குத் தெரியாதது வேறொன்று. அந்தத் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காக்கிச் சட்டை யார் பேரைச் சொல்லிக் கேட்டாலும் முதல் பதில் 'தெரியாது சார்.' என்ன, ஏது என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான்.

சட்டத்தை அன்றைக்குத் தெரு ஒரு எழுத்துக் குறையாமல் காப்பாற்றியிருந்தது. போட்டோவைக் காட்டியபோது, இந்த மூஞ்சியை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்றாள் கங்கம்மா. போலீஸ்காரர் தெருமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் மாடியிலிருந்த செருப்பு, துணி, நட்சத்திரம் எல்லாம் அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. தெருமுனையில் இஸ்திரி வண்டிக் குப்புராஜ், மணிப்பூர்ப் பெண்கள் கொஞ்ச நாள் குடியிருந்தார்கள், காலி பண்ணிக்கொண்டு பெரும்பாக்கம் பக்கம் போய்விட்டார்கள் என்று சொன்னார். மளிகைக் கடை சரோஜினி இன்னும் ஒரு படி மேலே போய், அந்த மாடி வருஷக் கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே கரையான் என்றாள். யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பூட்டுகளைத் திறந்து ஏஞ்சலை உள்ளே அனுப்பிவிட்டு ஈவ்லின் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, அவரு புடிச்சுகினு போவ வர்ல. நான் இங்கதான் கீறேனான்னு பாக்க வந்தாரு. கீறேன்னு எழுதினாதான் விசா."

"அப்ப இல்லன்னு எழுதினா?"

"ஊருக்குப் போவச் சொல்லிடுவாங்க."

கங்கம்மா அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். ஏறி வந்தபோது இருந்த களை முழுக்க இறங்கிவிட்டது. "பேஜாராப் பூட்ச்சே," என்று மட்டும் சொன்னாள்.

ஈவ்லினுக்குக் கோபப்பட வேண்டும் போலத்தான் இருந்தது. கோபத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. முடிச்சூரில் தண்ணீர் ஏறிய டிசம்பரில், கீழ் வீடுகள் எல்லாம் முழங்காலுக்கு மேல் முங்கியபோது, அந்த மாடியில்தான் அத்தனை குடும்பமும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. ஈவ்லின் தன் ஊர்ப் பழக்கத்தில் இஞ்சி தட்டிப் போட்டுக் கோழிக் கஞ்சி வைத்து ஊற்றினாள். தெருவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத காலம் அது. அன்றிலிருந்து அவளுக்குத் தக்காளி பொறுக்கிக் கொடுப்பது சரோஜினி, காஸ் சிலிண்டரை மேலே ஏற்றுவது குப்புராஜ், பிள்ளைக்கு ஜுரம் என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் கூடவே உட்கார்ந்திருப்பது கங்கம்மா. இன்றைக்கும் அதே ஜனம்தான் தன்னைக் காப்பாற்றப் போய்த் தன் தலையில் கல்லைப் போட்டிருக்கிறது. நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் காலையில் ஃபைலை எடுத்துக்கொண்டு அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். கங்கம்மாவும் கூடவே வந்தாள், ஆனால் எதிர்ப்பக்கம் டீக்கடை வரைக்கும்தான். அவளுடைய தம்பியை ஒரு காலத்தில் வேறு யாரோ என்று நினைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அன்றிலிருந்து கங்கம்மா ஸ்டேஷன் இருக்கிற பக்கம் நடப்பதில்லை, ரோட்டைத் தாண்டி மறுபக்கம்தான் போவாள்.

முந்தின நாள் விசாரணைக்கு வந்தவர் ஜீவானந்தம் என்ற ஏட்டு. அவளைப் பார்த்தார், கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"நீங்க காலி பண்ணிட்டுப் போயிட்டதா சொன்னாங்களே."

"இல்ல சார். அங்கதான் கீறேன்."

அவர் அவள் ஃபைலிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். "இந்தப் பாஸ்போர்ட் உங்களுதுதானே?" என்று கேட்டார்.

ஈவ்லின் கல்யாணச் சான்றிதழ், காஸ் ரசீது, ஏஞ்சலின் பள்ளிக்கூட அட்டை எல்லாவற்றையும் வரிசையாக மேஜையில் வைத்தாள். அவர் பொறுமையாகப் புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் அலைந்து ஏமாந்து போன மனிதர்.

"பேப்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நான் நேர்ல போய்ப் பார்த்து, ஆள் இல்லைன்னு எழுதிட்டேன். சாயங்காலம் மேல போகுது. இப்ப இருக்காங்கன்னு மாத்தினா, முதல்ல ஏன் இல்லைன்னு எழுதினேன்னு என்னைக் கேப்பாங்க. தப்பா சொன்னது யாருன்னு நான் காட்டணும்." பேனாவை எடுத்தார். "முதல்ல பேசினது கீழ் வீட்டு அம்மா. மூக்குத்தி போட்டுக்கிட்டு, நல்ல சத்தமா பேசினாங்க. அவங்க பேரைச் சொல்லுங்க. இப்பவே மாத்தி எழுதிடறேன்."

ஒரே ஒரு பெயர். சொன்னால் வேலை முடிந்தது. மாதக் கடைசிக்கு அப்புறமும் ஏஞ்சல் அதே வேனில் பள்ளிக்கூடம் போவாள், பிரிட்டோ கப்பலிலிருந்து இறங்கி அதே வீட்டுக்கு வருவான். ஈவ்லின் பேனா முனையைப் பார்த்தாள். சுவருக்கு அப்பால், ரோட்டைத் தாண்டி, டீயை வாங்கிவிட்டுக் குடிக்காமல் நிற்கிறவளை நினைத்தாள். தன் டிரங்குப் பெட்டிக்குப் போட்டிருந்த பூட்டைக் கழற்றி வந்து அடுத்தவள் கதவில் மாட்டியவள் அவள்.

"தெரியாது சார்," என்றாள்.

"கீழ் வீட்ல இருக்கிறவங்களையா தெரியாது?"

"கீழ் வூட்ல யாரும் இல்ல சார்."

ஜீவானந்தம் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு விசா வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

மேஜையில் பரப்பிய காகிதங்களை அவள் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

"நானுதான் சார் அது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நல்ல சத்தமான குரல்.

எப்போது ரோட்டைத் தாண்டி வந்தாளோ, கங்கம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவளுக்குப் பின்னால் வெளிவாசலில் குப்புராஜும் சரோஜினியும் நின்றார்கள். வண்டியையும் கடையையும் யாரிடம் விட்டுவிட்டு வந்தார்களோ தெரியவில்லை.

"என் பேரு கங்கம்மா. எழுதிக்கோங்க. பொய் சொன்னது நானு. இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அது அந்த மாடியிலதான் கீது."

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? வெளிநாட்டுக்காரங்களாச்சே, நமக்கு எதுக்கு வம்புன்னா?"

கங்கம்மாவுக்குப் பயத்தை மீறிக் கோபம் வந்துவிட்டது. மறு காலையும் உள்ளே வைத்தாள்.

"இன்னா சார் பேசறீங்க? வெளிநாட்டுக்காரியா இருந்தா, மாடியக் கைகாட்டி வுட்டுட்டு என் வேலையப் பாத்துகினு இருந்திருப்பேன். நம்ம ஆளாச்சே. நம்ம ஆள எப்படி சார் காட்டிக் குடுக்கறது?"

ஈவ்லின் அழுதுவிட்டாள். வெட்கப்படவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ இடத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறாள். பெயருக்கு நேரே எல்லா இடத்திலும் அயல்நாட்டவர் என்றுதான் இருந்தது. 'நம்ம ஆள்' என்று ஒருவர் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜீவானந்தம் ஒரு புதுத் தாளை எடுத்தார். அக்கம்பக்கத்தார் விஷயம் புரியாமல் முதலில் மாற்றிச் சொல்லிவிட்டதாகவும், பிறகு அவர்களே நேரில் வந்து உறுதி செய்ததாகவும் எழுதி, மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினார். கேஸ் கீஸ் ஒன்றும் இல்லை, போங்கள் என்றார். ஈவ்லின் ஃபைலைக் கட்டியபோது தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"கீழ் வீட்ல யாரும் இல்லைன்னு சொன்னீங்களே மேடம். அதை நான் எழுதல."

மாதக் கடைசிக்கு முன்னாலேயே நீட்டிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஈவ்லின் கங்கம்மாவின் பெரிய அண்டாவை வாங்கிக் கோழிக் கஞ்சி வைத்தாள். இஞ்சி வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்குள் தெருவே பாத்திரத்தோடு மாடி ஏறி வந்துவிட்டது. குப்புராஜ் ஸ்டூல் போட்டு ஏறிக் காகித நட்சத்திரத்தை மறுபடியும் மாட்டினார். ஒரு முனை நசுங்கியிருந்தது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. கடலுக்கு நடுவிலிருந்து வீடியோவில் வந்த பிரிட்டோ எல்லோருக்கும் நன்றி சொன்னான். சிக்னல் போய்ப் போய் வந்ததில் பாதிதான் கேட்டது.

சாப்பிட்டு முடித்ததும் கங்கம்மா எழுந்து நின்றாள்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. அடுத்த வருஷமும் போலீஸ் வரும். ஈவாவக் கேட்டா, கீது, மாடியில கீதுன்னு சொல்லணும். வேற யாரக் கேட்டாலும் எப்பவும் போலத்தான்."

எல்லோரையும் முந்திக்கொண்டு தலையாட்டியவள் ஈவ்லின்தான்.