சந்தனப் பொட்டுக்கு அடியில்

என் இன்டர்நெட் கடைக்கு ஒரே ஒரு இமெயில் விலாசம்தான். 1999-இல் திருநெல்வேலி டவுண் தெற்கு ரத வீதியில் பாதிப் பேருக்கு அதுவே விலாசம். யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் திறந்து, அச்சடித்து, மடித்துக் கொடுப்பேன். தபால்காரருக்குக்கூட அவ்வளவு பவிசு கிடையாது.

பெர்சிஸ் பாளையங்கோட்டையில் நர்ஸ். இரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டு, மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி போனில் பேசிச் சரி என்றிருந்தது. வேலைக் கடிதம் என் விலாசத்துக்கு வரும். பத்து நாளுக்குள் சம்மதம் எழுத வேண்டும். அடுத்த மாதம் அவளுக்கு முப்பது முடிகிறது. அதற்குமேல் அங்கே எந்த ஆஸ்பத்திரியும் எடுக்காது.

தினமும் டியூட்டி முடிந்து பஸ் பிடித்து வருவாள்.

"வந்திருக்காக்கா?"

"வரலட்டி. வந்தா நான் என்ன தின்னுருவேனா?"

என் வாய் அப்படி. அவள் சிரித்துக்கொண்டு உட்காருவாள். அமெரிக்காவிலிருந்து என் தம்பி ஸ்ரீசரண் இமெயிலில் அனுப்பிய அவன் குழந்தையின் படங்கள் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் திரையில் பைய இறங்கும். முதலில் முடி, பிறகு நெற்றி, பிறகு கன்னம். தினமும் பார்த்துவிட்டுத்தான் போவாள். மஸ்கட்காரர்களை நான் வாய் வலிக்கத் திட்டுவேன்.

தீபாவளி முடிந்த மறுநாள் தம்பி போன் செய்தான்.

"என்னக்கா, நான் அனுப்புதது எல்லாம் திரும்பி வருது. உன் மெயில் பெட்டி ரொம்பிட்டாம்."

"ரொம்புததுக்கு அதென்னலே நெல்லுக் குதிரா?"

"ரெண்டு எம்பிதான்க்கா இடம். எவ்வளவு ரொம்பியிருக்குன்னு வலது பக்கம் மேல் மூலையில ஒரு கோடு காட்டுமே, பாக்கலியா?"

பார்த்தேன். அங்கே திரைமேல் ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு இருந்தது. ரூபாய்க் காசு அகலம், நடுவில் குங்குமம். பூஜைப் பொட்டு தானாக உதிரும்வரை துடைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இழைத்த சந்தனம், மூன்று வாரமாகியும் உதிரவில்லை.

நகத்தால் சுரண்டினேன். அடியில் சிவப்புக் கோடு, நூறு சதவீதம். பெட்டி நிறைந்துவிட்டது, இனி எந்தக் கடிதமும் ஏற்கப்படாது என்று இங்கிலீஷில் பொடியாக எழுதியிருந்தது. கடைசியாக வந்த கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். பூஜை முடிந்த மூன்றாம் நாள். தீபாவளி அமளியில் வேறு யாரும் வந்து கேட்கவில்லை. கேட்ட ஒருத்தியிடம் வரல, வரல என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போனை வைத்த கையோடு பன்னிரண்டு படங்களையும் அழித்தேன். கோடு சுருங்கிப் பச்சையானது. பெர்சிஸ் வந்ததும் சொன்னேன். அவள் பெயரில் நானே மஸ்கட்டுக்கு எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது. மூன்று முறை அனுப்பினோம், மூன்றும் திரும்பின, உங்கள் இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம். அச்சடித்து, மடிக்காமலே கொடுத்தேன்.

அவள் படித்தாள். நான் மடிப்பதைப் போலவே நாலாக மடித்தாள்.

"என்னய நாலு வார்த்த ஏசிட்டுப் போயேன்ட்டி" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள்.

"பாப்பா படத்தயெல்லாம் அழிச்சிட்டியளாக்கா?"

"ஆமாட்டி. இடம் வேணும்லா."

"வச்சிருக்கலாமேக்கா" என்றாள். "இனும எனக்கு என்ன வரப்போவுது?"