எளிது என்று எழுதிய வழி

மலேசியாவில் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் இருபத்தேழு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். ரசாயனத் தொட்டிக்குள் ஒரு ஆள் இறங்க வேண்டுமென்றால் நான் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமல் ஒரு நாளும் போட்டதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல், மாசாயில் எங்கள் தாமான் குடியிருப்பைச் சேர்ந்த இருபது பேரைச் சேர்த்து ஒரு நடைக்குழு ஆரம்பித்தேன். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முட்டி வலி என்று ஆளுக்கொன்று கைவசம் வைத்திருந்தோம். எங்கே நடக்கலாம் என்று வழிக்குறிப்பு எழுதும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன், யாரும் கொடுக்கவில்லை. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், கார் எங்கே நிறுத்தலாம், கழிப்பறை எங்கே இருக்கிறது, கடைசியில் வழி எளிதா, நடுத்தரமா, கடினமா என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வாட்சப்பில் போடுவேன். யாராவது சந்தேகம் கேட்டால், குறிப்பிலேயே இருக்கிறது, ஒழுங்காகப் படியுங்கள் என்று பதில் போடுவேன். இப்படிப்பட்ட ஆளோடு இருபது பேர் எப்படித்தான் காலம் தள்ளினார்களோ.

எனக்கு ரொம்பப் பிடித்தது மெர்சிங்குக்கு வடக்கே உள்ள ஒரு கடலோர வழி. ஒரு மீனவக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், தொடங்கி அடுத்த கம்பத்தில் முடியும். ஆறு கிலோமீட்டர், ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. முதலில் சவுக்கு மரங்களுக்குக் கீழே கடற்கரை. ஒன்றரைக் கிலோமீட்டர் போனதும் வழி உள்பக்கம் திரும்பும். அங்கே ஒரு பெரிய புதர்வெளி. அதற்குத் தமிழில் சரியான பெயர் எனக்குத் தெரியவில்லை. சீனி போல வெள்ளை மணல், இடுப்பளவுக்குக் கெமுந்திங் செடிகள், அதில் ஊதாப் பூக்கள். நிழல் தர ஒரு மரம் கிடையாது, மேலே வானம் மட்டும்தான். அதைத் தாண்டினால் பாறை முனை. முனையில் நின்றால் தீவுகள் வரிசையாகத் தெரியும். இறங்கினால் அடுத்த கம்பமும் ஒரு காப்பிக்கடையும். நான் ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடுவேன். முட்டி வலிக்காரர்களுக்காக முக்கால் மணி கூட்டி, குறிப்பில் இரண்டேகால் மணி நேரம் என்று போட்டேன். பக்கத்தில் ‘எளிது’ என்று எழுதினேன்.

எளிதா இல்லையா என்று முடிவு செய்ய எனக்கு ஒரு அளவுகோல் இருந்தது. அது என் மனைவி சிகப்பி. அவளுக்கு வலது முட்டி தேய்ந்துபோய்ப் பல வருடமாகிறது. அவள் நடந்து முடித்துவிட்டால் அந்த வழி எல்லாருக்கும் எளிது, அவ்வளவுதான்.

ஆனால் நான் அவளோடு சேர்ந்து நடந்ததில்லை. எங்கள் செட்டிநாட்டு நகரத்தார் பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது ஒருவருக்காக ஒருவர் நிற்பதில்லை. நின்றால் கால் பிடித்துக்கொள்ளும் என்று அவரவர் நடையில் போய், தங்கும் இடத்தில் சேர்ந்துகொள்வார்கள். நானும் ஊருக்குப் போய் மூன்று தடவை அப்படி நடந்திருக்கிறேன். அங்கே பின்தங்கியவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் கால் அமுக்கிவிடவும் வழிநெடுக ஆள் உண்டு. மெர்சிங் மணலில் யார் இருக்கிறார்கள்? அதை யோசிக்காமல் பழனி வழக்கத்தை அப்படியே கொண்டுவந்து என் பெண்டாட்டியிடம் காட்டினேன். நீ உன் நடையில் வா, காப்பிக்கடையில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்து நாற்பது நிமிடத்தில் அவள் வருவாள். ஈசியாக இருந்ததா என்று கேட்பேன். ஈசிதான் என்பாள். அவளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, வந்த வழியே நடந்துபோய்க் காரை எடுத்து வருவேன். மூன்று வருடத்தில் பத்துப் பதினோரு தடவை இப்படி நடந்தது. அவள் காலணியில் மணல் இருந்ததா, முகம் வியர்த்திருந்ததா என்று பார்க்கத் தோன்றவில்லை. தொழிற்சாலையில் ஒருவன் கையுறை போடாவிட்டால் ஐம்பதடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பவன் நான்.

போன மார்ச் மாதம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டு டொரத்தி, தன் கணவர் தோமஸோடு அந்த வழியில் நடக்கப் போனாள். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள், எங்கள் குழுவில் ஒருத்தி. அவளுக்கும் முட்டிப் பிரச்சினை, அறுவை சிகிச்சை ஆகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என் குறிப்பை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். காலை பத்தரைக்குப் புதர்வெளியின் நடுவில், கால் புதையும் மணலில் தலைசுற்றி விழுந்தாள். கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்தது. தோமஸ் கம்பத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்து, அவளைத் தூக்கிக்கொண்டு போய் மெர்சிங் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

நானும் சிகப்பியும் பார்க்கப் போனோம். டொரத்தி திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் என்னவோ தன் மேல்தான் தப்பு என்பதுபோல் பேசினாள்.

“பாதியிலயே முடியலன்னு தெரிஞ்சிச்சு அண்ணே. சிகப்பிக்கா அந்த முட்டிய வச்சிக்கிட்டு நடக்கிறாங்க, நான் திரும்பிப் போனா நல்லா இருக்காதேன்னு நெனச்சிட்டேன். வெக்கமா போச்சு.”

சிகப்பி டொரத்தியின் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கார் கோத்தா திங்கி ஊரைத் தாண்டியது. பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். அந்த வழியை அவள் என்னோடு வந்தபோது ஒரு தடவைகூட நடந்து முடித்ததில்லை.

முதல் தடவை, வழி உள்ளே திரும்பும் இடத்திலேயே முட்டி மடங்கிவிட்டதாம். மணலில் உட்கார்ந்து எனக்கு ஃபோன் அடித்திருக்கிறாள். நடக்கும்போது நான் ஃபோனை அமைதியாக்கிப் பையில் போட்டுவிடுவது வழக்கம். அங்கே ஓரத்து வீட்டில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஸைத்தோன் என்ற மலாய்க்காரப் பெண் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்து, பிறகு கம்பத்துச் சாலை வழியாகத் தன் மோட்டார் சைக்கிளில் காப்பிக்கடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வருத்தத்தோடு கேட்டிருக்க வேண்டும், கோபத்தோடு கேட்டேன்.

“நீங்க ஈசியா இருந்துச்சான்னு கேட்டீங்க. நடந்தியான்னு கேக்கலயே” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் குரல் இறங்கிவிட்டது. “மொத நாளு சொல்லத்தான் வந்தேன். எனக்கப்புறம் நாப்பது நிமிஷத்துல வந்துட்டியே, பரவால்லயேன்னு அந்தக் கடக்காரர்கிட்டல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க. அவ்ளோ சந்தோஷமா உங்கள பாத்து ரொம்ப நாளாச்சு. எப்படிச் சொல்றது?”

வீட்டுக்குப் போனதும் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, குழுவில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். டொரத்தி வீட்டுக்குப் போய் நேரிலும் கேட்டேன். அது ஒரு மாதிரி முடிந்தது. சிகப்பி விஷயம் முடியவில்லை. தனியாக மணலில் உட்கார்ந்து அவள் எனக்கு ஃபோன் அடித்தது சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் நினைவுக்கு வந்து தொந்தரவு செய்தது. செய்த தப்பைச் சரிசெய்ய ஒரே வழிதான் தெரிந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போய், அவள் நடையிலேயே நடந்து, அவள் பார்க்காத அந்தப் பாறை முனையைக் காட்ட வேண்டும். நாள் முழுக்க ஆனாலும் சரி.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் கூப்பிட்டேன். உடனே சரி என்றாள். முதல் நாளே மனகோலம் பலகாரம் செய்து ஒரு டின்னில் போட்டு எடுத்துக்கொண்டாள். எனக்காக என்று நினைத்தேன்.

விடிந்ததும் நடக்க ஆரம்பித்தோம். மெதுவாக நடப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. இருபது அடிக்கு ஒரு தடவை என் கால் தானாக முன்னே ஓடப் பார்த்தது. பிடித்து இழுத்து நிறுத்தினேன். அவள் முதலில் வலது காலை வைத்து, கொஞ்சம் நிதானித்து, பிறகுதான் உடம்பைக் கொண்டுவருகிறாள். முப்பத்து நான்கு வருடம் கூடக் குடித்தனம் பண்ணியவன், அவள் எப்படி நடக்கிறாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் மனதுக்கு நன்றாக இருந்தது.

வழி திரும்பும் இடத்தில் ஸைத்தோன் வீடு. சவுக்கு மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. சிகப்பி நேராகப் போய் ஒன்றில் உட்கார்ந்தாள், அது அவளுடைய நாற்காலி என்பது தெரிந்தது. ஸைத்தோனுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். மனகோலம் டின்னை வாங்கித் திறந்து பார்த்துச் சிரித்தாள். எனக்கு வீட்டுக்குள்ளிருந்து ஒரு மர நாற்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டாள், விருந்தாளிக்குப் போடுவதுபோல.

இரண்டு பேரும் மலாயில் சளசளவென்று பேசிக்கொண்டார்கள். அர்ஜுன் நேர்முகத் தேர்வு என்ன ஆனது என்று ஸைத்தோன் கேட்டாள். அர்ஜுன் எங்கள் மகன், சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் வேலை மாறப் பார்க்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் வீட்டுச் செய்தியை யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாரைக் குறை சொல்வது?

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கிளம்பலாமா என்றேன்.

“முனை வரைக்கும் போலாம் சிகப்பி. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல, நான் கூடவே வரேன். நீ அத பாத்ததே இல்ல.”

சிகப்பி ஸைத்தோனைப் பார்த்தாள். தமிழ் புரியாவிட்டாலும் ஸைத்தோனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். தேத்தண்ணி போடுவதாகச் சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“பாத்துட்டேங்க” என்றாள் சிகப்பி.

போன வருடம் நான் ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் காரைக்குடி போயிருந்தேன். அப்போது அவள் லார்க்கின் பஸ் நிலையத்தில் ஏறித் தனியாக மெர்சிங் வந்திருக்கிறாள். ஸைத்தோன் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் விடியும்போது இரண்டு பேரும் கிளம்பியிருக்கிறார்கள். நாலரை மணி நேரமாம். பதின்மூன்று இடத்தில் உட்கார்ந்தார்களாம். கெமுந்திங் பழம் பறித்துத் தின்று நாக்கெல்லாம் ஊதாவாகிப் போனதாம். செடிகளுக்கு அடியில் சின்னச் சின்னக் குடுவைகள் காய்த்ததுபோல ஒரு கொடி, அதற்குள் தண்ணீர், தண்ணீரில் எறும்பு. முனைக்குக் கீழே நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீன் பிடித்துத் தின்றுகொண்டிருந்ததாம். பாறை இளஞ்சூடாக இருந்ததால் முட்டிக்கு இதமாக அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். சொல்லும்போது அவள் முகம் மாறிவிட்டது. பதினோரு தடவை அந்த முனையில் நின்றிருக்கிறேன், குறிப்புக்குப் படம் எடுக்க ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம். இதில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

அவள் நடந்த அன்றும் சாயங்காலம் நான் காரைக்குடியிலிருந்து கூப்பிட்டதும் நினைவுக்கு வந்தது. மாத்திரை போட்டாயா, கேஸை மூடினாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். வைத்துவிட்டேன்.

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். இந்தத் தடவை கோபமில்லை.

“சொல்லணும்னுதான் வச்சிருந்தேன். நீங்க வந்து இறங்கினதுலேர்ந்து கல்யாணக் கதையாவே சொல்லிக்கிட்டிருந்தீங்க. நாலஞ்சு நாள் பாத்தேன். அப்புறம், இது என்னோடதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

சரி, இன்னொரு தடவை போவோம், என்னோடு போவோம் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சத்தான் செய்தேன். அவள் தன் முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“முடியாதுங்க. பொதையிற அந்த மணல்ல இனிமே கால வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன வருஷமே தெரியும், இன்னும் ஒரு தடவதான் இந்தக் காலு தாங்கும்னு. அதான் அப்பவே நடந்துட்டேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். “நீங்க போயிட்டு வாங்க. நான் இங்க இவங்களோட இருக்கேன்.”

மூன்று வருடமாக நான் அவளிடம் சொன்னதும் இதுதானே, அவரவர் நடையில் போகலாம் என்று. நான் போகவில்லை. ஸைத்தோன் மூன்று கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். நான் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.